அணி எண்டூரன்ஸ் சிம் பந்தயத்தில் ஓட்டுநர் மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி போர்ஷே கார்களுக்கான 991 பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பிறகு, ஒரே காரை நான்கு பேர் மாறி மாறி ஓட்டும் நீண்ட நேர எண்டூரன்ஸ் பந்தயங்கள் மீது நம்மவர்களுக்கு ஆர்வம் கூடியிருக்கிறது. அந்த ஆர்வத்தில் ஸ்டீயரிங் வாங்கி, கணினியில் அணியாகப் பந்தயம் ஓட்ட வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பெரும்பாலும் ஐரேசிங் என்ற சிம்மில் (கணினிப் பந்தய மென்பொருளில்) ஓட்டுபவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே அதிகம் வரும். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன; சிக்கலானவை பின்னால் இருக்கின்றன.

இறங்குபவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், ஏறுபவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். இதற்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?

பொத்தானை அழுத்துவது இரண்டு நொடி வேலைதான். ஆனால் ஓட்டுநர் மாற்றம் என்பது, இறங்குபவர் பிட்டுக்கு (எரிபொருளும் டயரும் மாற்றக் கார் நிற்கும் தட ஓரப் பகுதிக்கு) வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கி, ஏறியவர் தன் இரண்டாவது லேப்பை (தடத்தின் முழுச் சுற்றை) முடிக்கும்போதுதான் முடிகிறது. அந்த நேரத்தில் ஒருவர் களைத்திருக்கிறார், மற்றவர் இன்னும் காரின் போக்குக்குப் பழகவில்லை, எரிபொருள் எவ்வளவு என்று மூன்றாமவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். இவர்கள் மூவரும் ஒரே அறையில் இல்லை. பெரும்பாலும் ஒரே ஊரில்கூட இல்லை.

எங்கள் அணியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டேடோனா என்ற அமெரிக்கத் தடத்தில் ஓடிய பந்தயம், அதிகாலை மூன்று மணி இருக்கும். அடுத்த ஓட்டுநர் ஏறினார், "ஏறிவிட்டேன்" என்றார், கார் அசையவில்லை. ஒரு மணி நேரம் தொடாமல் இருந்ததால் அவருடைய ஸ்டீயரிங் மோட்டார் தானாக உறக்க நிலைக்குப் போயிருந்தது. அதை மீண்டும் இயக்கியபோது சிம் அதை அடையாளம் காணவில்லை. அவர் வெளியேறி, மறுபடி இணைந்து, மறுபடி ஏறுவதற்குள் இரண்டு நிமிடம் கடந்துவிட்டது. 5.73 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் ஜிடி3 வகைப் பந்தயக் கார் ஒரு லேப்பை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஏழு மணி நேரம் சேர்த்து வைத்த முன்னிலை, ஸ்டீயரிங்கை ஒரு முறை அசைத்துப் பார்க்காததால் போனது. பயிற்சி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த இரவுதான் காரணம்.

எல்லா சிம்மிலும் மாற்றம் ஒரே மாதிரிதான் நடக்குமா?

இல்லை. ஐரேசிங்கில் ஓட்டுபவர் காரைத் தன் அணியின் பிட் பாக்ஸில் (பிட்டில் அணிக்கு ஒதுக்கிய இடத்தில்) நிறுத்தி, தானே காரைவிட்டு வெளியேற வேண்டும். பிறகு அடுத்தவர் ஓட்டும் பொத்தானை அழுத்தி ஏற வேண்டும். அசெட்டோ கோர்ஸா கொம்பெடிட்ஸியோனேயில் பிட்டுக்கு வருவதற்கு முன்பே, பிட் மெனுவில் அடுத்த ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். தேர்ந்தெடுக்க மறந்தால் டயரும் எரிபொருளும் மாறும், ஓட்டுநர் மாறமாட்டார். ஆர்ஃபேக்டர் 2 சிம்மிலும் பிட் மெனுவில் ஓட்டுநருக்கென ஒரு வரி இருக்கிறது.

ஒரு சிம்மில் பழகியவர் மற்றொன்றுக்கு வரும்போது கை பழைய வழக்கத்திலேயே போகும். ஆகவே சிம் மாறினால், நீங்கள் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், முதல் ஐந்து மாற்றங்களை மெதுவாகச் செய்து பார்ப்பது நல்லது.

ஒரு மாற்றத்தால் உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது?

சரியாகச் செய்தால் பெரும்பாலும் எதுவும் போகாது. எரிபொருள் நிரப்ப எப்படியும் நேரம் ஆகிறது; அந்த நேரத்துக்குள் ஒருவர் இறங்கி மற்றவர் ஏறி, கியர் போட்டுக் காத்திருந்தால், மாற்றம் எரிபொருள் நிரப்பும் நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நிஜப் பந்தயத்தில் இறங்கும் ஓட்டுநரே குனிந்து அடுத்தவரின் இருக்கைப் பட்டையை மாட்டிவிடுவதும், அதை எரிபொருள் ஏறும் நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்பதும் இதனால்தான்.

எனவே பயிற்சியில் ஒரு நொடியைக் குறைக்க அலைய வேண்டாம். உங்கள் காருக்கு முழு டாங்க் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொள்ளுங்கள். உங்கள் மாற்றம் ஒவ்வொரு முறையும் அதற்குள் முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை மின்னல் வேகமும் ஒரு முறை குழப்பமும் என்றிருப்பதைவிட, பத்து முறையும் நிதானமாக முடிவதே மேல்.

பயிற்சியை எங்கே, எப்படித் தொடங்குவது?

ஐரேசிங்கில் கடவுச்சொல் போட்ட தனி அமர்வு ஒன்றை அணி முறையில் உருவாக்கிக்கொள்ளலாம். முதல் நாள் பந்தயத் தடத்துக்கே போக வேண்டியதில்லை. லைம் ராக் போன்ற சிறிய தடத்தை எடுங்கள். அது ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர்தான், அடிப்படைச் சந்தாவிலேயே வருகிறது. காரில் மூன்று லேப்புக்கு மட்டும் எரிபொருள் போட்டுவிட்டால், மூன்று லேப்புக்கு ஒரு முறை மாற்றம் நடந்தே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு முறை ஏறவும் இறங்கவும் வாய்ப்புக் கிடைக்கும். பொத்தான்களும் சொற்களும் பழகுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது நாள் உண்மையான தடம், உண்மையான எரிபொருள் அளவு. அங்கே பிட் நுழைவு எங்கே இருக்கிறது, வேகக் கட்டுப்பாட்டுக் கோடு எங்கே தொடங்குகிறது, உங்கள் பாக்ஸ் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் வருகிறது என்பவற்றை நால்வரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது பயிற்சியை இரவு பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தெளிவாகச் செய்யும் ஒருவர், தூக்கக் கலக்கத்தில் எந்தப் படியை மறக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நாங்கள் இரண்டே பேர்தான் இருக்கிறோம். நான்கு பேர் இல்லாமல் பயிற்சி செய்ய முடியுமா?

முடியும். மாற்றம் எப்போதுமே இருவருக்கு இடையில் நடப்பதுதான். ஆனால் பந்தயத்தில் வியூகத்தைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாமவர் இருக்கப்போகிறார் என்றால், அவர் குரலும் பயிற்சியில் ஒலிக்க வேண்டும். மூன்றாவது குரல் திடீரெனப் பந்தயத்தன்று வந்தால், யார் சொல்வதைக் கேட்பது என்ற தடுமாற்றம் வரும்.

இறங்கப்போகிறவர் என்னென்ன சொல்ல வேண்டும்? நான் ஓட்டும்போது பேசவே முடிவதில்லை.

எல்லாவற்றையும் கடைசி லேப்பில் சொல்ல முயல்வதால்தான் முடிவதில்லை. மூன்று லேப் இருக்கும்போது, நேர்ப்பாதையில் வண்டி போகும் நேரமாகப் பார்த்து, தடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்: எந்த வளைவில் பிடிப்புக் குறைந்திருக்கிறது, எந்த மெதுவான கார் வழிவிடாமல் தடுமாறுகிறது, பின்னால் வருபவர் எத்தனை நொடியில் இருக்கிறார். இரண்டு லேப் இருக்கும்போது காரைப் பற்றி: முன் டயரா பின் டயரா எது தளர்ந்திருக்கிறது, பிரேக் பயாஸ் (முன், பின் பிரேக்குகளுக்கு இடையிலான விசைப் பங்கீடு) எந்த எண்ணில் இருக்கிறது, டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பை) மாற்றியிருக்கிறீர்களா. கடைசி லேப்பில் எதுவும் வேண்டாம். அது பிட்டுக்குள் பத்திரமாக நுழைவதற்கான லேப்.

பாக்ஸில் நின்றபின் எங்கள் அணியில் நான்கே சொற்றொடர்கள்தான் பேசப்படும். நிறுத்தியதும் "நின்றுவிட்டது". எரிபொருள் ஏறத் தொடங்கியதைத் திரையில் பார்த்ததும் "எரிபொருள் ஏறுகிறது". வெளியேறியதும் "இறங்கிவிட்டேன்". அடுத்தவர் காருக்குள் வந்ததும் "ஏறிவிட்டேன்". இந்த இடைவெளியில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. "சரி", "ஓகே", "போ" போன்ற சொற்களை நாங்கள் முற்றிலும் விலக்கிவிட்டோம். ஒரு முறை வேறொரு கேள்விக்குச் சொன்ன "சரி"யைத் தனக்கான அனுமதி என்று எண்ணி, எரிபொருள் பாதி ஏறியிருக்கும்போதே ஒருவர் காரைக் கிளப்பிவிட்டார்.

எரிபொருளும் டயரும் யார் தேர்ந்தெடுக்க வேண்டும்: இறங்குபவரா, ஏறுபவரா?

இறங்குபவர்தான், அதுவும் பிட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய லேப்பிலேயே. மேலே சொன்ன "எரிபொருள் ஏறுகிறது" என்ற சொல்லுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கு இதுதான் காரணம். அதைச் சொல்ல வேண்டும் என்றால் அவர் திரையைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால், எண்ணைத் தவறாகப் போட்டிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

கணக்கை மூன்றாமவரோ ஏறப்போகிறவரோ போட்டுக் கொடுக்கட்டும். ஒரு லேப்புக்கு 3.2 லிட்டர் செலவு, டாங்க் 100 லிட்டர் என்றால் தாளில் 31 லேப் வரும். ஆனால் 31 லேப்புக்குப் பிறகு டாங்கில் ஒரு லிட்டர்கூட மீதியிருக்காது. மெதுவான கார்களுக்கு நடுவில் சிக்கி ஒரு லேப்பில் சற்று அதிகம் செலவானாலும் நடுத்தடத்தில் நின்றுவிடும். அதனால் 30 என்றே திட்டமிடுங்கள்.

ஏறப்போகிறவர் எத்தனை நிமிடத்துக்கு முன் வந்து உட்கார வேண்டும்?

அரை மணி நேரத்துக்கு முன் அமர்வில் இணைந்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன விபத்துக்குப் பிறகு, உட்கார்ந்தவுடன் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒரு முறை முழுதாகத் திருப்பி, மூன்று பெடலையும் மிதித்து, "ஸ்டீயரிங் உயிரோடு இருக்கிறது" என்று அறிவிப்பதை எங்கள் அணி வழக்கமாக்கிக்கொண்டது. கணினியின் உறக்க அமைப்பையும் யூஎஸ்பி மின்சேமிப்பையும் விண்டோஸ் புதுப்பிப்பையும் முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள்.

மீதி நேரத்தில் ஓட்டுபவரின் காருக்குள்ளிருந்து தெரியும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எந்த வளைவில் விலகிப் போகிறார் என்று பத்து லேப் பார்த்தவருக்கும், நேராக வந்து ஏறியவருக்கும் முதல் லேப்பில் தெரியும் வேறுபாடு பெரியது. தண்ணீர் குடிப்பது, கழிப்பறைக்குப் போய்வருவது எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏறியதும் என் பார்வைக் கோணமும் ஸ்டீயரிங் எடையும் மாறிப்போய்விடுமா?

மாறாது. பார்வைக் கோணம், இருக்கை உயரம், ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டீயரிங் கையில் தரும் எதிர்விசை) வலு ஆகியவை உங்கள் கணினியில் இருப்பவை. அவை உங்களுடையதாகவே இருக்கும். இறக்கை, ஸ்பிரிங், டயர் காற்றழுத்தம் போன்ற செட்டப் விவரங்கள் காருடையவை. பிரேக் பயாஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் போன்று ஓட்டிக்கொண்டே மாற்றக்கூடியவைதான் குழப்பம் தருபவை. இறங்குபவர் விட்ட எண் அப்படியே இருக்கிறதா, செட்டப்பில் உள்ள எண்ணுக்குத் திரும்பிவிடுகிறதா என்பதை, நீங்கள் ஓட்டப்போகும் காரிலேயே பயிற்சியின்போது பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸிலிருந்து கிளம்பியதும் பிட் லேன் வேக அபராதம் விழுகிறது. ஏன்?

லிமிட்டரை (பிட்டில் வேகத்தை எல்லைக்குள் வைக்கும் பொத்தானை) போடாமல் கிளம்புகிறீர்கள். இறங்கியவர் அதைப் போட்டிருந்தார் என்ற நினைப்பில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். ஏறியவுடன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்: பிரேக்கில் கால், இன்ஜின் ஓடுகிறதா என்று பார்வை, முதல் கியர், லிமிட்டர், பிறகே "ஏறிவிட்டேன்". வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். லைம் ராக் பயிற்சியில் இருபது முறை சொன்னவருக்கு, பந்தயத்தில் கை தானாகப் போகும்.

ஏறிய முதல் லேப்பிலேயே கார் கட்டுப்பாடு இழந்து சுழன்றுவிடுகிறது. நான் மெதுவாகத்தானே போகிறேன்?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகமாக வந்திருக்கிறது. மெதுவாகப் போவது உங்கள் நினைப்பில்தான். குளிர்ந்த டயருக்குப் பிடிப்புக் குறைவு; அதற்கு அந்த வேகமும் அதிகம். நிஜ ஓட்டுநர்களுக்கே இது எளிதில்லை. உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2023ஆம் ஆண்டு டயர் சூடேற்றிகளைத் தடை செய்தார்கள். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் குளிர்ந்த டயரோடு பிட்டிலிருந்து வெளியே வந்த கார்கள் மோதியதைப் பார்த்த பிறகு, அந்த ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு மட்டும் சூடேற்றிகளை மீண்டும் அனுமதித்தார்கள். வாழ்க்கையே ஓட்டுவதாகக் கொண்டவர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும்.

உங்களுக்குக் கூடுதலாக இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டாவது ஸ்டின்ட்டைத் (இரு பிட் நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட ஓட்டத்தை) தொடரும் ஓட்டுநரின் டயர் மட்டும்தான் குளிர்ந்திருக்கும். புதிதாக ஏறியவருக்குத் தன் கை, கால், கண் எல்லாமே குளிர்ந்திருக்கும். ஆகவே பயிற்சியில் பிட்டிலிருந்து வெளிவரும் லேப்பைத் தனியாக அளந்து பாருங்கள். உங்கள் வழக்கமான லேப்பைவிட அதை எத்தனை நொடி மெதுவாக ஓட்டினால் ஒருமுறைகூடச் சுழலாமல் வருகிறீர்களோ, அதுவே உங்கள் இலக்கு நேரம். அதைவிட வேகமாக வந்தால் மூன்றாமவர் கண்டிக்க வேண்டும். முதல் லேப்பில் மூன்று நொடி விட்டுக்கொடுப்பது, காரைச் சுவரில் தேய்த்துவிட்டுப் பழுதுபார்க்க நிற்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நான்கு பேருக்கும் ஒரே செட்டப் சரிப்படுமா? எங்களில் ஒருவர் மிக வேகம்.

ஒரே செட்டப்தான் வழி. அதை அந்த வேகமானவருக்காக அமைக்காதீர்கள். உங்கள் அணியில் மிகவும் தயங்கி ஓட்டுபவர், இரவில், தேய்ந்த டயரில் பயமின்றி ஓட்டக்கூடிய செட்டப்பைத் தேர்ந்தெடுங்கள். வேகமானவர் எதையும் ஓட்டிவிடுவார். ஐரேசிங்கில் தவறுகளுக்கான புள்ளிகள் அணிக்கும் சேர்ந்துதான் கூடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவர் குறைந்தது எத்தனை லேப் ஓட்ட வேண்டும்? நன்றாக ஓட்டுபவரே பெரும்பகுதி ஓட்டினால் என்ன?

ஐரேசிங்கில் ஒவ்வொருவரும் சமப் பங்கில் கால்பங்காவது ஓட்டியிருக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட அணி 600 லேப் முடித்தால் சமப் பங்கு 150. அதில் கால்பங்கு 37.5. எனவே 38 லேப்பாவது ஒவ்வொருவரும் ஓட்ட வேண்டும். அணி வேகமாக ஓட ஓட இந்த எண்ணும் உயரும் என்பதால், எல்லையில் நிற்காமல் சற்றுக் கூடுதலாகவே ஓட்டிவிடுங்கள்.

அதிகபட்சத்தைப் பொறுத்தவரை, நிஜ லெ மான் பந்தயத்தின் விதி நல்ல வழிகாட்டி: எந்த ஆறு மணி நேரத்திலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தத்தில் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதானே என்று எண்ணி இதைத் தாண்டுபவர்கள், தங்கள் பிரேக் புள்ளி மெல்ல மெல்லத் தள்ளிப் போவதைத் தாங்களே உணர்வதில்லை.

பந்தய நேரம் ஜிஎம்டியில் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். அட்டவணை எப்படிப் போடுவது?

அட்டவணையில் முதல் பத்தி ஜிஎம்டியாகவே இருக்கட்டும். அதற்கு அடுத்து ஒவ்வொருவரின் உள்ளூர் நேரத்துக்கும் ஒரு பத்தி. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும், சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் எட்டு மணி நேரம். மார்ச்சில் வரும் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், ஐரோப்பாவில் மாதத்தின் கடைசி ஞாயிறுதான் மாற்றுவார்கள். டொரொன்டோவில் ஒருவரும் லண்டனில் ஒருவரும் இருக்கும் அணி, அந்த இடைவெளியில் ஒரு மணி நேரம் பிசகிப் போவது எளிது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு இணையமோ மின்சாரமோ போய்விட்டால்?

ஐரேசிங்கில் கார் பிட்டுக்கு இழுத்துவரப்படும். அதற்கான காத்திருப்பு நேரம் போகும். பிறகு அணியில் இன்னொருவர் ஏறி ஓட்டலாம். இது எவருக்கும் நேரக்கூடியது. 2020 ஜூனில் ஆர்ஃபேக்டர் 2 சிம்மில் 50 கார்கள், 200 ஓட்டுநர்களுடன் நடந்த மெய்நிகர் லெ மான் பந்தயத்தையே சர்வர் கோளாறால் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதே பந்தயத்தில் முன்னிலையில் இருந்த ஃபார்முலா 1 சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் கார், தொடர்பு துண்டிக்கப்பட்டதால் பின்தங்கி, கடைசியில் விலகிக்கொண்டது.

ஆகவே இதையும் பயிற்சி செய்யுங்கள். யாரிடமும் சொல்லாமல், லேப்பின் நடுவில் ஒருவர் தன் இணையக் கம்பியைப் பிடுங்கட்டும். மற்றவர்கள் எத்தனை நொடியில் கவனிக்கிறார்கள், யார் ஏறுகிறார் என்று பாருங்கள். முதல் முறை எங்கள் அணியில் இருவர் ஒரே நேரத்தில் ஏற முயன்றோம். அதன் பிறகுதான் ஒவ்வொரு ஸ்டின்ட்டுக்கும் ஒரு "காத்திருப்பவர்" பெயரை அட்டவணையில் சேர்த்தோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ரவுட்டரும் அதில் இணைந்திருக்கிறதா என்று ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கணினி ஓடிக்கொண்டிருந்து, இணையம் மட்டும் போய்விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தவர் தூங்கிவிட்டார், போனை எடுக்கவில்லை. எரிபொருள் இரண்டு லேப்புக்குத்தான் இருக்கிறது. என்ன செய்வது?

மாற்றம் இல்லை என்று உடனே அறிவித்துவிடுங்கள். இன்னும் ஒரு லேப் காத்துப் பார்ப்போம் என்ற ஆசைதான் காரை நடுத்தடத்தில் நிறுத்துகிறது. ஓட்டுபவர் பிட்டுக்கு வந்து, எரிபொருள் போட்டு, இறங்காமல் தொடரட்டும். ஆனால் அவருக்கு முழு டாங்க் போடாதீர்கள். பதினைந்து லேப்புக்கு மட்டும் போடுங்கள். களைத்தவரை இன்னொரு முழு ஸ்டின்ட்டுக்குக் கட்டிப்போடுவதைவிட, ஒரு பிட் நிறுத்தம் கூடுதலாக ஆவது எவ்வளவோ மேல்.

அந்தப் பதினைந்து லேப்புக்குள் காத்திருப்பவர் தயாராகிவிட வேண்டும். தூங்கியவர் எழுந்து ஓடிவந்தாலும் அவரை உடனே ஏற்றாதீர்கள். முகம் கழுவி, மேலே சொன்ன அரை மணி நேரத்தை முழுதாகக் கடந்த பிறகு, அதற்கு அடுத்த ஸ்டின்ட்டைக் கொடுங்கள். அவரைத் திட்டுவதைப் பந்தயம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். எங்கள் அணியில் இப்போது ஒவ்வொருவரும், தன்னை எழுப்பக்கூடிய வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் அட்டவணையில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.